ரெண்டு முக்கோணம், நடுவுல ஒரு சூரியன்

எந்த ஊர்ப் பிள்ளையா இருந்தாலும் ஒரு பேப்பரைக் கையில கொடுத்து "இயற்கைக் காட்சி வரை"ன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல ரெண்டு முக்கோணம் விழும். அதுதான் மலை. நடுவுல பாதி சூரியன், சுத்தி ஸ்கேல் வச்சு இழுத்த கதிர். மலைக்கு நடுவுல இருந்து வளைஞ்சு நெளிஞ்சு ஒரு ஆறு. கரையில குடிசை, குடிசை பக்கத்துல தென்னை. வானத்துல டிக் அடிச்ச மாதிரி நாலு பறவை. நானும் அதைத்தான் வரைஞ்சேன், நீங்களும் அதைத்தான் வரைஞ்சிருப்பீங்க. மறைக்காதீங்க :-)

மெட்ராஸ்ல இருக்குற பிள்ளை இப்படி வரைஞ்சா ஒண்ணும் சொல்றதுக்கில்ல. பாவம், அதுக்கு மலைன்னு பார்க்கக் கிடைக்கிறது பரங்கிமலைதான். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல பொறந்து வளர்ந்த பிள்ளையும் அதையே வரைஞ்சா என்ன அர்த்தம்? சின்னமனூர்ல எங்க மொட்டை மாடியில ஏறி நின்னா தென்கிழக்குல மேகமலை. மேற்கே நமக்கும் கேரளாவுக்கும் நடுவுல சுவர் கட்டின மாதிரி நிக்கிற தொடர். இடையில வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். இந்த மலை எங்க நின்னு பார்த்தாலும் முக்கோணமா தெரியாது. படுத்துக் கிடக்குற எருமை முதுகு மாதிரி நீளமா போகும். பச்சையாவும் இருக்காது. காலையில நீலம், உச்சி வெயில்ல சாம்பல், ஆடிச் சாரல்ல பாதி மலையையே காணோம். பிள்ளைங்க என்னடான்னா இத்தனைக்கும் முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு, முக்கோணத்துக்குப் பச்சை அடிக்குதுங்க.

மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேருக்கு வாட்டர்கலர் சொல்லிக் கொடுக்கிறேன். (நான் ஓவியன் எல்லாம் இல்ல, பொழுதுபோக்குதான். பீஸும் கிடையாது. அதனால தைரியமா தப்பாச் சொல்லிக் கொடுக்கலாம்.) ஆரம்பிச்சப்ப பிள்ளைங்க எல்லாம் ஒரே குரல்ல கேட்டது டோட்டோரோ. 2020ல நெட்பிளிக்ஸ்ல கிப்லி படங்கள் வந்ததுல இருந்து பெரிய பிள்ளைங்க பார்த்து, சின்னதுங்களுக்குப் பரப்பி விட்டிருக்கு. சரி, பிள்ளைங்களுக்குப் பிடிச்சதுல இருந்தே ஆரம்பிப்போம்னு நானும் நாலு வாரம் டோட்டோரோ போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்து அப்படியே வரைஞ்சாங்க. சுத்தி கருப்பு ஸ்கெட்ச் பேனாவால கோடு, உள்ள சாம்பல் கலர். எட்டு பேப்பர்ல எட்டு டோட்டோரோ. அம்மாமார் எல்லாம் போட்டோ பிடிச்சு ஸ்டேட்டஸ் போட்டாங்க. எனக்கும் பெருமைதான்.

நாலாவது வாரம் எட்டையும் கொடியில கிளிப் போட்டுக் காயவச்சிட்டுத் தள்ளி நின்னு பார்த்தப்பதான் சுருக்குன்னுச்சு. எது யார் வரைஞ்சதுன்னு எனக்கே தெரியல. முக்கோண மலையை ஒழிக்கப் போயி மூணாவதா ஒரு முக்கோணத்தைக் கொண்டு வந்துட்டேன். அதுக்குக் காது வேற :-(

இதுதான் என் கட்சி. அனிமேஷன் படத்தைக் காட்டிப் பிள்ளைங்களுக்கு வண்ணம் சொல்லிக் கொடுக்கிறது ரொம்ப நல்ல வழி. ஆனா பாத்திரத்தைக் காப்பி அடிக்க வைக்கிறது அந்தப் படத்துல இருந்து கத்துக்கக் கூடியதுலயே மட்டமானது. கத்துக்க வேண்டியது பாத்திரத்துக்குப் பின்னாடி இருக்கு.

'மை நெய்பர் டோட்டோரோ' 1988ல வந்தது. டைரக்டர் மியாசாகியை எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தோட பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பா இருந்தவர் கஸுவோ ஓகா. படத்தை மறுபடி ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மாய உலகம்னு பெருசா ஒண்ணும் இல்ல. வயல், வரப்பு, மண் ரோடு, வாய்க்கா, ஒரு பெரிய மரம், மழையில ஒரு பஸ் ஸ்டாப். டோக்கியோவை ஒட்டி இருக்குற டோகொரோசாவா, சயாமா குன்றுப் பக்கத்து நாட்டுப்புறத்தைப் பார்த்துத்தான் அதை உருவாக்கியிருக்காங்க. அவங்க ஊரை உத்துப் பார்த்து வரைஞ்சாங்க, அது உலகத்துக்கே பிடிச்சுப் போச்சு. அந்தக் காட்டை வீட்டு மனையாகாம காப்பாத்த 1990ல ஒரு நிதி ஆரம்பிச்சு, ஜனங்க கிட்ட காசு சேர்த்து நிலம் வாங்கினது தனிக் கதை. (நம்ம பக்கம் வயலுக்கு நடுவுல கலர் கலரா நடுகல் முளைக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து தொலைக்கும். சரி, அது வேற பதிவு.)

அஞ்சாவது வாரம் பிள்ளைங்களை உக்கார வச்சு அதே படத்தைப் போட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: டோட்டோரோ வர்றப்ப கண்ணை மூடிக்கணும். கத்தித் தீர்த்துட்டாங்க. ஆனா பத்து நிமிஷம் போனதும் ஒரு பொடியன், மூணாவது படிக்கிறவன், "மாமா, இது உத்தமபாளையம் போற ரோடு மாதிரியே இருக்கு"ன்னான். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. இந்த வாய்க்கா எங்க தாத்தா வயல்ல இருக்கு, இந்த மேகம் நேத்து வந்துச்சு... படத்தை நிறுத்திட்டு எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

இங்க ஒரு சின்ன தகவல். நிறையப் பேர் ஏமாந்து போற இடம் இது. யூடியூப்ல "கிப்லி வாட்டர்கலர்"னு ஆயிரம் வீடியோ கிடக்கு. ஆனா அந்தப் படங்களோட பின்னணி பெரும்பாலும் போஸ்டர் கலர்ல வரைஞ்சது. வாட்டர்கலர்ங்கிறது மியாசாகி படத்தைத் திட்டம் போடும்போது வரையிற ஸ்டோரிபோர்டு மாதிரி ஓவியங்கள்ல வர்றது. ரெண்டுக்கும் குணமே வேற. போஸ்டர் கலர் அடியில இருக்குறதை மறைக்கும். கரும்பச்சை அடிச்சிட்டு அது மேலயே இளம்பச்சை இலை வைக்கலாம். வாட்டர்கலர்ல அது நடக்காது. அங்க வெளிச்சம்னா பேப்பரோட வெள்ளைதான். அதை முதல்லயே விட்டு வைக்கணும். இது தெரியாம அந்த வீடியோவைப் பார்த்து வாட்டர்கலர் கேக்கை வச்சு மேல மேல அடிச்சு, சேறாக்கி, "எனக்கு வரல"ன்னு பிரஷ்ஷைத் தூக்கிப் போட்ட பிள்ளைங்க எத்தனையோ. பிள்ளை மேல தப்பே இல்ல, கையில கொடுத்த பொருள் தப்பு. தேனியில எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கேமல் போஸ்டர் கலர் குட்டி பாட்டில்ல கிடைக்கும். ஓகா மாதிரி மரம் வேணும்னா அதை வாங்கிக் கொடுங்க.

வாட்டர்கலருக்குன்னே படம் வேணும்னா நான் கை காட்டுறது ரெண்டு.

ஒண்ணு, 2013ல வந்த 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் காகுயா'. கிப்லியோட இன்னொரு தூணா இருந்த இசாவோ டகஹாட்டாவோட கடைசிப் படம். 2018ல அவர் காலமாயிட்டார். இதுக்கும் ஆர்ட் டைரக்டர் அதே ஓகாதான், ஆனா கை அப்படியே மாறிப் போயிருக்கும். பென்சில் கோடு, மேல லேசா ஒரு நீர் வண்ணம், அவ்வளவுதான். பிரேமோட ஓரத்துக்கு வண்ணம் போகவே போகாது. நடுவுல இருந்து கரைஞ்சு கரைஞ்சு வெள்ளைப் பேப்பர்ல முடிஞ்சிரும். அந்த ஓரத்தை மட்டும் காட்டி, "இங்க ஏன் அடிக்கலை?"ன்னு பிள்ளைங்க கிட்ட கேட்டேன். "கலர் தீந்து போச்சு"ன்னுச்சு ஒண்ணு. "நேரமாயிருச்சு"ன்னுச்சு இன்னொண்ணு. அஞ்சாவது படிக்கிற பாப்பா மட்டும், ரொம்பப் பேசாது, மெதுவா "மேகம் மாமா"ன்னுச்சு. அந்தப் பாப்பாவைப் பத்திக் கீழ சொல்றேன்.

இன்னொண்ணு சீனப் படம். 1960ல ஷாங்காய் ஸ்டூடியோவுல டெ வெய் ஆளுங்க எடுத்தது. தலைப்பிரட்டைங்க அம்மாவைத் தேடிப் போற கதை, பதினஞ்சு நிமிஷம்தான். சீ பைஷிங்கிற பெரிய ஓவியர் தவளை, இறால் எல்லாம் மையில வரைவாரே, அந்தக் கையைப் பார்த்து அசைய வச்ச படம். எல்லைக்கோடே கிடையாது. ஒரு சொட்டு மை, ஒரு வால், தலைப்பிரட்டை ரெடி. பாஷை புரியணும்னு அவசியமே இல்ல. எங்க பக்கம் ஜூன்ல பெரியாறு தண்ணி திறந்து விட்டு நாத்து நடுற சமயத்துல வயல் பூரா தலைப்பிரட்டை நெளியும். 14,707 ஏக்கர் இருபோகம்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுல எத்தனை கோடி தலைப்பிரட்டைன்னு எவனும் கணக்கு எடுக்கல :-) டோட்டோரோவுலயும் அந்தச் சின்னப் பொண்ணு தண்ணிக்குள்ள தலைப்பிரட்டை பார்க்குற இடம் ஒண்ணு வரும். பிள்ளைங்களே கண்டுபிடிச்சுச் சொன்னாங்க, நான் கவனிக்கவே இல்ல.

டிஸ்னி ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க. 'பாம்பி' (1942) படத்துல டைரஸ் வோங் காட்டை எப்படி யோசிச்சாருன்னு பாருங்க. இலை இலையா வரையாம, மங்கலா ஒரு பச்சை, நடுவுல ஒரு வெளிச்சம். காடு முழுசும் மனசுல வந்துரும். 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' (2002) பின்னணியும் வாட்டர்கலர்தான். நம்ம நாட்டுல கீதாஞ்சலி ராவ் வரைஞ்ச 'பிரிண்டட் ரெயின்போ' (2006) இருக்கு, தீப்பெட்டிப் படத்துக்குள்ள போற பாட்டி கதை. சிவகாசி, கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்குற நாம அவசியம் பார்க்கணும்.

சொல்லிக் கொடுக்கிற விதம்னு பெருசா ஒண்ணும் இல்ல. முதல் ஒரு மாசம் ஒரே கலர். அல்ட்ராமெரைன் நீலம் ஒரு டியூப், வேற எதுவும் கிடையாது. தூரத்து மலைக்குத் தண்ணி நிறைய, கலர் கொஞ்சம். அது காஞ்சதும் அதுக்கு முன்னாடி இருக்குற மலைக்குக் கொஞ்சம் கெட்டியா. அப்புறம் தோப்பு, இன்னும் கெட்டி. மூணே அடுக்கு. அவ்வளவுலயே மலை தள்ளிப் போய் நிக்கும். "ஏன் மாமா தூரத்து மலை நீலமா இருக்கு?"ன்னா, நடுவுல இருக்குற காத்துதான் காரணம், வெளிச்சத்துல நீலத்தை அது அதிகமாச் சிதற விடுது, வானம் நீலமா இருக்குற அதே சங்கதின்னு சொல்லலாம். ரெண்டாவது மாசம் பர்ன்ட் சியன்னா. நீலத்தோட சேர்த்தா அருமையான சாம்பல். கருப்பு டியூப்பை நான் பூட்டி வச்சிருக்கேன்.

பேப்பர்தான் பிரச்சினை. டிராயிங் நோட்டு ஒரு தடவை தண்ணி பட்டதும் அப்பளமாயிரும். நல்ல 300 ஜிஎஸ்எம் பேப்பரை வாங்கி எட்டாக் கிழிச்சுக் கொடுக்கிறேன். கட்டுப்படி ஆகாதப்ப கல்யாணப் பத்திரிகை முதுகு, வழவழப்பு இல்லாததாப் பார்த்து. சித்திரையில, வீரபாண்டித் திருவிழா வெயில்ல, பிரஷ்ஷை எடுக்கும் முன்னாடி காஞ்சிரும். ஆடியில மத்தியானம் வரைக்கும் காயாது. அந்தந்தக் காலத்துக்குத் தகுந்த பாடம் வச்சுக்கிட்டா போதும்.

தப்பு நானும் பண்ணியிருக்கேன். ஐப்பசி மழை சமயம் ஒரு பையன் முல்லைப் பெரியாத்துக்கு டீ கலர் அடிச்சான். "தண்ணி நீலம்டா"ன்னு திருத்திட்டேன். அவன் எதிர்த்துப் பேசல. திருத்தின பேப்பரைப் பார்த்துட்டு, "நீங்க ஆத்துப் பக்கம் போகலையா மாமா?"ன்னு மட்டும் கேட்டான். சாயங்காலம் வண்டியை எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன். செம்மண் கரைச்சு விட்ட மாதிரி ஓடுது. அவன் சொன்ன டீயேதான்.

டோட்டோரோ ஆசை விட்டுப் போச்சான்னா, போகல. அதுக்கும் ஒரு வழி கிடைச்சது. 2023 மே கடைசியில கம்பம் டவுனுக்குள்ள அரிக்கொம்பன் யானை வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. 144 போட்டாங்க, ஒரு உசுரும் போச்சு. சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கமெல்லாம் சுத்திட்டு இருந்ததை ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, களக்காடு முண்டந்துறை காட்டுல கொண்டு போய் விட்டாங்க. அந்த ஒரு வாரமும் இங்க பிள்ளைங்க தூங்கல. "உங்க ஊர்க் காட்டுல இருக்குற பெரிய உருவத்தை வரைங்க"ன்னு ஒரு நாள் சொன்னேன். பேய், முனி எல்லாம் எதிர்பார்த்தேன். பாதிப் பேர் அரிக்கொம்பன். அந்தப் பொடியன் பேப்பர்ல மட்டும் யானையே இல்ல. ராத்திரி நீலத்துல ஒரு வாழைத்தோப்பு, நடுவுல நாலஞ்சு வாழை மட்டும் சாஞ்சு கிடக்கு. "யானை எங்கடா?" "இப்பத்தான் மாமா போச்சு."

அந்தப் பேப்பரை நான் கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

இப்ப அந்தப் பாப்பா விஷயம். பக்கத்து ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல ஓவியப் போட்டி. தலைப்பு வழக்கம் போல இயற்கைக் காட்சி. பாப்பா மேகமலையை ஆடி மாசத்துல எப்படித் தெரியுமோ அப்படி வரைஞ்சிருக்கு. கீழ வயல், தோப்பு, மலையோட அடிவாரம். மேல பாதிப் பேப்பர் வெள்ளை. நான் பார்த்தேன், அந்த வெள்ளைக்குள்ள மலை இருக்கு. சத்தியமா இருக்கு. நடுவரா வந்தவர் "பாதி பேப்பர் காலியா இருக்கே, முடிக்கலையா பாப்பா?"ன்னு கேட்டுத் தள்ளி வச்சிட்டார். முதல் பரிசு எதுக்குன்னு நான் சொல்லவே வேணாம். ரெண்டு முக்கோணம், நடுவுல சூரியன்.

மூணு வாரம் பாப்பா வரல. அவங்கம்மா வழியில பார்த்து, "தம்பி, பரிசு வாங்குற மாதிரி எதாச்சும் சொல்லிக் கொடுங்களேன்"னாங்க. கோபமா எல்லாம் சொல்லல. எனக்குத்தான் பதில் வரல. நான் சொல்லிக் கொடுத்ததாலதான அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னாடி கண்ணைத் துடைச்சிக்கிட்டு நின்னுச்சு? வெள்ளையை விடுன்னு சொன்ன நான், அதை விட்டா என்ன கேள்வி வரும்னு சொல்லிக் கொடுக்கலையே.

நாலாவது வாரம் வந்துச்சு. உக்காந்துச்சு. பேசாம முக்கோணம், சூரியன், கதிர், குடிசை, தென்னை எல்லாம் போட்டுச்சு. கோடு ஒண்ணு கூடப் பிசகல. அப்புறம் பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் மலையை வரைஞ்சுச்சு, மேகத்தோட. "இது போட்டிக்கு மாமா. இது நமக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ராத்திரி யோசிக்கிறப்ப சிரிப்பு வரல. பத்து வயசுப் பிள்ளை எதுக்கு ரெண்டு மலை வச்சுக்கணும்? ஓவியப் போட்டிக்கு நடுவராப் போறவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள்: மார்க் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போங்க. எங்க ஊர்ல எல்லாப் பள்ளிக்கூடத்து ஜன்னல்லயும் மலை தெரியும்.

இன்னொரு பதிலும் பாக்கி இருக்கு. 2025 மார்ச்ல, நம்ம போட்டோவைக் கொடுத்தா கிப்லி மாதிரி மாத்திக் கொடுக்கிற கூத்து ஒண்ணு வந்துச்சே, அப்ப தேனி ஜில்லாவுல பாதி டிபி அப்படித்தான் இருந்துச்சு. எங்க பெரியம்மாவோட அறுபதாம் கல்யாணப் போட்டோ உட்பட. அந்தப் பொடியனோட அப்பா அப்பத்தான் கேட்டார்: "ஏந்தம்பி, போன்ல ஒரு நிமிஷத்துல வந்துருது. இதுக்குப் போயி பேப்பரு, பெயிண்டுன்னு எதுக்குக் காசைக் கரியாக்குறீக?"

அன்னைக்கு மழுப்பிட்டேன். போன வாரம் மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் அவரே வண்டியை நிறுத்தினார். "காலங்காத்தால எழுப்பி மாடிக்கு இழுத்துட்டுப் போறான் தம்பி. மலை கிட்ட வந்துருச்சு, வந்து பாருங்கப்பான்னு ஒரே ரகளை. நானும் போய்ப் பார்த்தேன். ஆமா, கிட்டத்தான் வந்திருக்கு. நாப்பது வருஷமா இந்த ஊர்லதான் கிடக்கேன், எனக்குத் தெரியலையே?" மழை தூசியைக் கழுவி விட்டா மலை பக்கத்துல தெரியும், மடிப்பு மடிப்பாத் தெரியும். அதை அவருக்குச் சொல்ல போன் இல்ல, மூணாங்கிளாஸ் பையன் இருந்தான்.

வர்ற ஞாயிறு தலைப்பிரட்டை. சீன மைக்கு நான் எங்க போறது, கேமல் கருப்பு இங்க் ஒரு பாட்டில் வாங்கி வச்சிருக்கேன். கருப்பே தொடக் கூடாதுன்னு மூணு வருஷமாச் சொன்ன வாயால என்ன காரணம் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.